முன்னுரிமை: குறைவு

விரோட்ஸ்வாஃபில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற மாதம்.
எனக்குக் கொடுத்த வேலை,
துருப்பிடித்த ஒரு கத்தியை அவனிடம் விற்பது,
திரும்ப வாங்குவது,
மறுபடி விற்பது.
நானூறு முறை.
ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை அவன்.
முகம் சுளிப்பதை அவனுக்கு யாரும் வரைந்து தரவில்லை
என்று பின்னால் தெரிந்தது.

பெயர் ஓர்வின். கோவேறு கழுதையின் பெயர் இஞ்சிரொட்டி.
நான்கு ஊர், இரண்டு கணவாய், ஒரு பாலம்,
கையிருப்பு ஐந்நூறு பொற்காசு.
தீர்ந்துபோனால் மூன்று நாள் பொறுக்க வேண்டும்,
தானாக ஊறிவிடும்.
இன்னும் போணியாகவில்லையே என்ற கவலை கிடையாது,
கொசுறு கேட்டால் கொடுக்கத் தெரியாது,
கடன் சொன்னால் விளங்காது.
டிராகனின் பல்லையும் பாதி தின்ற பாலாடைக்கட்டியையும்
ஒரே கையில் எடைபோட்டு
"இதற்கு நல்ல விலை தருகிறேன், பயணியே" என்பான்.
குரல் கொடுத்தவர் ஏதோ மதுக்கடையில் கணக்கெழுதுகிறவராம்.
ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் பேசி முடித்து
டிராம் பிடித்துப் போய்விட்டாராம்.

ஒற்றைக் காலணி ஒன்றையும் விற்றுப் பார்த்தேன்.
ஆற்றோடு போன ஒரு சிறுமியுடையது,
ஆலைக்காரி அதற்காக ஜன்னலோரம் நிற்கிறாள்,
கதைக்கு வேண்டிய பொருள், விற்கவே முடியாதது.
வாங்கிக்கொண்டான்.
நல்ல விலை என்று சொல்லிப்
பூஜ்யம் காசை எண்ணிக் கொடுத்தான்.

பிழை எண் 4417: வியாபாரியைக் காணவில்லை.

ஆடுபவர் யாரும் பக்கத்தில் இல்லாத இரவுகளில்
அவன் என்ன செய்கிறான் என்று
எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.
பார்க்காத இடத்தில் உலகம் நின்றுவிடும் என்றிருந்தோம்.
நடந்துகொண்டிருந்தான்.

கண்ணுக்குத் தெரியாத உடம்போடு, கைகள் இல்லாமல்,
ஐந்து இரவு அவன் பின்னால் போனேன்.
மழைக்கு ஒதுங்கவில்லை.
பாலத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தரை விட்டுப்போயிருந்தது
(அது வேறு பிழை, அதையும் எழுதினேன்).
அங்கே வந்ததும், விடியும்வரை
நின்ற இடத்திலேயே நடந்தான்,
ஆற்றைப் பார்த்து "வாருங்கள், வாருங்கள்" என்று.
கழுதை காத்திருந்தது.

ஐந்தாம் இரவு, வடக்குக் கணவாயில், மூன்று ஓநாய்கள்.
எனக்குக் கை இல்லை என்றேன் அல்லவா.
அவன் ஓடவில்லை.
ஓடவும் சொல்லித்தரவில்லை யாரும்.
மூட்டை அவிழ்ந்து பனியில் கொட்டியது:
பல், பாலாடைக்கட்டி, என் கத்தி.
காலணி மட்டும்
விலையில்லாததால் விழாமல்
காற்றில் நின்றது, கணுக்கால் உயரத்தில்.

செஸ்வாஃப் சூப் குடித்துக்கொண்டே சொன்னான்:
"சாகாதவனாக்கிவிடு. ஒரு கட்டத்தில் ஒரு டிக்,
இதற்குப் போய் ஐந்து ராத்திரியா?"

டிக் அடித்தேன்.
அன்றிரவு மறுபடி போனேன்.
ஒன்று தோளில், ஒன்று தொடையில், ஒன்று மூட்டையில்,
கடித்துத் தொங்குகிற மூன்றையும் இழுத்துக்கொண்டு
கணவாயில் இறங்கி வந்தான்.
அவையும் களைப்பதில்லை.
நல்ல விலை, பயணியே, நல்ல விலை.
இதையும் ஒரு பிழையாக எழுதி அனுப்பினேன்.
பதில் வந்தது: பார்ப்பவர் இல்லாத இடம்.
முன்னுரிமை: குறைவு.

காலணியைப் பற்றி மட்டும் நான் எழுதவேயில்லை.
ஏன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே வந்தால் ஓட்ரா ஆற்றிலிருந்து ஊசிக்காற்று.
டிராம் நிறுத்தத்தில் ஒரு பெண்
அட்டைப்பெட்டிமேல் கம்பளிக் கையுறைகளைப் பரப்பியிருந்தாள்.
ஜோடி இருபது ஸ்வோட்டி.
பன்னிரண்டுக்குக் கேட்டேன்.
முகம் சுளித்தாள்.
மூக்கு, நெற்றி, ஒரு பக்க உதடு,
என் பரம்பரையையே எடைபோட்டுத் தள்ளிய சுளிப்பு.
இருபதையே எண்ணிக் கொடுத்துவிட்டுச்
சிரித்துக்கொண்டே டிராம் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால்
இரண்டும் இடதுகை.